ஆவணி வரைக்கும் பொறுங்க மாமா

அந்த யோசனை வந்தபோது என் கையில் சேறு நிரம்பிய வாளி இருந்தது.

கார்த்திகை மழையில் தென்பெண்ணை கரை மீறி, கடலூரின் ஆற்றோரத் தெருக்களுக்குள் புகுந்து வடிந்த வாரம் அது. நான் வேலை பார்க்கும் மோட்டார் பம்ப் ஏஜென்சியில் பில் போடுகிற அக்காவின் வீடும் அதில் மாட்டிக்கொண்டது. அலுவலகத்திலிருந்து சிலர் மண்வெட்டியும் துடைப்பமுமாகப் போயிருந்தோம். கூடத்தில் கணுக்காலுக்கு மேல் வண்டல். பீரோ குப்புற விழுந்து கிடந்தது. மாதா சுரூபத்தை மட்டும் அக்காவின் கணவர் முதல் நாளே தோளில் சுமந்துபோய் எதிர்வீட்டு மாடியில் வைத்துவிட்டிருந்தார். சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் நின்ற கோடு நூல் பிடித்து அடித்தது போல ஓடியது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்து, "இந்தத் தெருவுல இனிமே எவன் சார் வீடு வாங்குவான்? ஓசில குடுத்தாகூட வேணாம்னுடுவான்" என்றார்.

"ஓசின்னா மொத ஆளா நானே ஓடிடுவேன்" என்றார் அக்காவின் கணவர்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பழைய கட்டு, தடித்த செங்கல் சுவர், மாடி எழுப்பாத ஒற்றைத் தளம். அப்போதுதான் பளிச்சென்று பட்டது: இந்த வீட்டை அப்படியே தூக்கிவிட்டால்?

சிதம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தெருவில் அந்தச் சமயம் ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே மேலே சாலை போட்டதில் தெரு உயர்ந்து, அந்த வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகியிருந்தார்கள். மேஸ்திரி விசில் ஊதுவார். ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைத் திருப்புவார்கள். வீடு கண்ணுக்குத் தெரியாத அளவு எழும்பும். மறுபடி விசில். கதவு, ஜன்னல், உள்ளே மாட்டியிருந்த காலண்டர் எல்லாம் அப்படியே இருக்க, முழு வீடும் மேலே வந்துகொண்டிருந்தது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராக அங்கே போய் நின்றுவிடுவேன். "நீங்க வீட்டுக்கு வர்றீங்களா, இல்ல உங்களையும் அவுங்க ஜாக்கி வெச்சுத் தூக்கித்தான் அனுப்பணுமா?" என்று மனைவி போனில் கேட்பாள்.

ஆக, அடுத்தவர் கூடத்தில் சேறு அள்ளிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டை மனதுக்குள் தூக்கி நிறுத்தி, வாசலில் படி கட்டி, என் செருப்பையும் கழற்றிவிட்டேன். நிவாரண மனுவோடு இணைப்பதற்காக அக்கா சொல்லி, வீட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். அதே போட்டோக்களை அன்றைக்கே ஜாக்கி மேஸ்திரிக்கும் அனுப்பினேன். "தூக்கலாம் தம்பி. செவுரு நல்லா இருக்குது. நேர்ல வந்து பாத்துட்டு சொல்றேன்" என்று குரல் பதிவில் பதில் அனுப்பினார். அதை அக்காவிடம் சொல்லவில்லை. அப்போது சொல்லாமல் விட்டதற்குக் காரணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. யோசனை என்னுடையது என்ற ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்ததும் அந்தத் தெருவில் கேட்டுக்குக் கேட்டு 'வீடு விற்பனைக்கு' அட்டை தொங்கியது. அக்கா வீட்டிலும் மாட்டினார்கள். அக்காவின் கணவர் பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியிடம் லோடு பார்க்கிறவர். அங்கேயே மேட்டுப் பக்கமாக ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இதை விற்றால்தான் அதற்கு அட்வான்ஸ். எப்படியும் ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

நான் ஒரு விஷயத்தில் இறங்கினால் தலைகீழாக இறங்குகிறவன். இன்ஜினியரிங் படிக்கும்போது தேனீ வளர்ப்பு, அப்புறம் பங்குச் சந்தை, அப்புறம் ட்ரோன். இப்போது வீடு. புரோக்கர்களின் வாட்ஸப் குழுக்களில் சேர்ந்தேன். ஆற்றோரத் தெருக்களின் விலை நான் பார்க்கப் பார்க்க இறங்கியது. சித்திரையில் ஒரு தட்டு, வைகாசியில் இன்னொரு தட்டு. மழைக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒரு மனை வாங்கக்கூட எங்களுக்கு வங்கிக் கடன் எட்டியிருக்காது. இப்போது கட்டிய வீடே எட்டும் தூரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தினமும் சிதம்பரம் கடலூர் பஸ்ஸில் போய்வருவது மிச்சம். சுவரில் ஆணி அடித்தால் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கிற வீட்டுக்காரர் மிச்சம்.

ஆனியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அக்காவிடம் கேட்டே விட்டேன்.

"அக்கா, உங்க வீட்ட நான் வாங்கிக்கட்டுமா?"

அக்கா டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தண்ணி வந்த வீடு தம்பி. நீங்களே சேறு அள்ளியிருக்கீங்க."

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"நெசமாத்தானா? தெரியாத ஆளு கைல குடுக்கறதுக்கு மனசே வரலன்னு அவரு சொல்லிட்டே இருக்காரு."

அன்று மாலையே அழைத்துப் போனார். அக்காவின் கணவரை அதுவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "என் பொண்டாட்டிக்கு நீ தம்பின்னா எனக்கு மச்சான்தானே? இன்னா சாரு மோருன்னுகிட்டு" என்றார். அன்றிலிருந்து அவர் மாமா.

மாமா ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. அதுவரை புரோக்கர்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. "உன்கிட்ட பேரம் பேசி இன்னா ஆவப்போவுது" என்றார். சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அன்று காலைதான் அதே தெருவில் இன்னொரு வீடு, கொஞ்சம் பெரியது, அதைவிடக் குறைந்த விலைக்குக் குழுவில் வந்திருந்தது. விலை இறங்கும்போது வாங்குகிறவனுக்கு இது ஒரு நோய். இன்றைக்குக் கிடைத்த லாபம் கண்ணில் படாது. நாளைக்கு இன்னும் இறங்கினால் இன்றைக்கு ஏமாந்தவன் ஆகிவிடுவேனே என்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"ஆடி பொறக்கப் போவுது மாமா. எங்க அம்மா அதெல்லாம் ரொம்பப் பாப்பாங்க. ஆவணி வரைக்கும் பொறுங்க. மொத முகூர்த்தத்துல அட்வான்ஸ் குடுத்துடறேன்."

அம்மா மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறார். வீடு வாங்கப் போகும் பேச்சையே நான் அவரிடம் எடுத்திருக்கவில்லை. எனக்கோ ஆடி என்றால் தள்ளுபடி. போன வருஷம் பைக் எடுத்ததே ஆடியில்தான். விலை குறைந்ததை அலுவலகம் முழுக்கப் பெருமையடித்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆடி மாதத்தைச் சொன்னால் எந்தத் தமிழனும் மறுபேச்சுப் பேசமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் கிறிஸ்தவர்கள், ஆடி அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆகையால் கொஞ்சம் முனகுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

மாமா உடனே தலையாட்டினார். "அதுக்கின்னா மச்சான். எங்க தவக்காலத்துல நாங்க கல்யாணம் காட்சி வெக்கறதில்ல, அது மாதிரிதானே இதுவும். அம்மா மனசு சங்கடப்படக் கூடாது." எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் கேட்டில் தொங்கிய அட்டை. "இனிமே இது எதுக்கு?" என்று சொல்லி, கட்டிலுக்கு அடியில் செருகினார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் கிடைத்திருக்கிறது. அதற்குள் இன்னும் ஒரு தட்டு இறங்கும். ஆவணியில் போய், தெருவில் இப்போது என்ன விலை போகிறது என்று மெதுவாக எடுத்துச் சொன்னால் மாமாவே குறைப்பார்.

மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், "அத்தகிட்ட எப்ப சொன்னீங்க?" என்றாள்.

"இன்னும் சொல்லல."

"அப்ப யாரு ஆடி பாக்கறது?"

"ச்சே, ஒரு பேச்சுக்கு."

"நல்லாத்தான் பேசறீங்க" என்றாள். பிறகு, "இன்னும் எவ்வளவு எறங்கும்ன்றீங்க?" என்று கேட்டாள். அவளுக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது. இரண்டு பேருமாக உட்கார்ந்து, மிச்சமாகப் போகும் பணத்தில் சமையலறை மேடை எந்தக் கல்லில் என்பதுவரை பேசினோம்.

ஆடி பிறந்தது. அலுவலகத்தில் அக்கா எப்போதும் போல இருந்தார். எனக்குத்தான் அவர் மேஜைப் பக்கம் போனால் நடை மாறியது. ஒருநாள் பில்லைக் கிழித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "நேத்து நெல்லிக்குப்பத்துலேருந்து ஒருத்தரு வந்தாரு தம்பி. சர்க்கரை ஆலையில வேலையாம். வீட்ட சுத்திப் பாத்துட்டு, கையோட அட்வான்ஸ் குடுக்கறேன்னாரு. ஒரு ஆளுக்கு வாக்கு குடுத்தாச்சுன்னு இவரு டீ குடுத்து அனுப்பிட்டாரு."

"என்ன வெல கேட்டாரு?"

கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது எது என்று உறைத்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. "அது எதுக்கு தம்பி, குடுக்கறதில்லன்னு ஆன பொறவு" என்றார்.

அந்த வாரமே பண்ருட்டி வீட்டுக்காரர் வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டார். ஆவணி வரை காத்திருக்க முடியாது என்று மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தாராம். இதையும் அக்காதான் சொன்னார். "பரவால்ல, வேற கெடைக்கும். மழைக்குள்ள பாத்துடலாம்" என்று எனக்கே ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். நான் பம்ப் கேட்லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தேன். அன்று இரவு வாட்ஸப் குழுவில் அதே தெருவில் இன்னும் ஒரு வீட்டின் விலை இறங்கியிருந்தது. நான் ஆசைப்பட்டதுதான். திறந்து பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

பிறகு நேற்று, வெள்ளிக்கிழமை.

நான்கு மணிக்கு வானம் இருட்டி, காற்று சுழற்றி அடித்தது. ஆடியில் சில நாள் இப்படி வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும்; ஆற்றில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. ஆனால் அக்காவின் போன் அடித்தது. பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "தம்பி, பஸ்ஸ புடிக்கறதுக்கு முன்ன ஒரு கை குடுத்துட்டுப் போறீங்களா? மழை தூறுனாலே அவரு சாமான எல்லாம் பரண்ல ஏத்த ஆரம்பிச்சுடறாரு. முதுகு வேற புடிச்சிருக்கு. சொன்னா கேக்க மாட்டேன்றாரு."

போனேன். கூடத்தில் மாமா ஸ்டூலின்மேல் நின்று அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி, "வா மச்சான், வா. உன் வீட்டுப் பரணு. எவ்ளோ புடிக்கும்னு நீயே பாத்துக்க" என்றார். சிரித்தார். ஆனால் கண் ஜன்னலிலேயே இருந்தது. ஒவ்வொரு இடிக்கும் தோள் ஒருமுறை குலுங்கியது. கேலி பேசுகிற மாமாவை மட்டுமே பார்த்துப் பழகியிருந்த என்னால் அந்தத் தோளைப் பார்க்க முடியவில்லை.

நான் ஸ்டூலில் ஏறினேன். அரிசி மூட்டை, மிக்ஸி, துணி மூட்டைகள், பத்திரம் வைத்த தகரப் பெட்டி. மாமா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் பரணில் தள்ளினேன். அக்கா டீ போட உள்ளே போயிருந்தார்.

கடைசிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு மாமா கேட்டார்: "ஏன் மச்சான், பைக் எடுத்தப்ப ஆடி பாக்கலியே நீ? டீ கூட வாங்கிக் குடுத்தியாமே."

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மறுபடியும் அதையே ஆரம்பிச்சிட்டீங்களா? பைக்கும் வீடும் ஒண்ணா? பெரியவங்க இருக்கற வீடு. அவுங்க அம்மா சொல்றத அவுரு கேக்க வேணாமா? எத்தினி வாட்டி சொல்றது?"

"கேக்கணும், கேக்கணும். சும்மா கேட்டேன்டி" என்றார் மாமா. என்னிடம் திரும்பி, "உன்ன ஒரு வார்த்த சொல்ல விடமாட்டா உங்க அக்கா" என்றார்.

நான் பரணுக்குள் தலையை விட்டு, நகர்த்த வேண்டிய அவசியமே இல்லாத பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன். எத்தனை முறை அக்கா எனக்காகப் பேசியிருப்பார்? நான் நம்பாத ஒன்றை, என் அம்மா கேட்டே இராத ஒன்றை, அது பொய் என்று தோன்றிய கணவரிடமே எத்தனை முறை தாங்கிப் பிடித்திருப்பார்? மழை அதற்குள் நின்றுவிட்டது. டீ குடித்தேன். கிளம்பினேன்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. மனதில் ஒரு கணக்கு ஓடியது. வீட்டைத் தூக்க மேஸ்திரி பிறகு உத்தேசமாகச் சொன்ன செலவும், வெள்ளத்துக்குப் பிறகு மாமா தன் விலையில் குறைத்துக்கொண்ட தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது அவர்கள் இழந்ததாக நினைக்கும் பணமே அந்த வீட்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருக்கும். தூக்கலாம் என்ற ரகசியம் கார்த்திகையிலிருந்து என்னிடம் இருக்கிறது. சேறு அள்ள வந்த நல்ல பையனிடம் இருக்கிறது. ஆடி பொய்யைவிட இதுதான் பெரியது. விலை குறைவதற்காக மட்டும் நான் காத்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியாமலே இருக்கட்டும் என்றும் காத்திருந்தேன்.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது அம்மாவைக் கூப்பிட்டேன். வீடு ஒன்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"வூடா? யாரு வூடு? எங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்று ஒரு மூச்சுத் திட்டினார். முடித்ததும் கேட்டேன், ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று.

"பேசறதுக்கும் காசு குடுக்கறதுக்கும் இன்னாடா ஆடி? குடி போறதுக்குத்தான் பாக்கணும். பைக்கு வாங்க தெரிஞ்சுதில்ல உனக்கு, அப்ப எங்க போச்சு ஆடி?"

ஒரே கேள்வியை ஒரே நாளில் இரண்டு பேர். பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார், ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரண், தோள், அக்காவின் குரல். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "இப்ப இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

"ஜாக்கி மேஸ்திரிய கூட்டிட்டுப் போயி மாமாகிட்ட காட்டப் போறேன். தூக்கலாம்னு சொல்லிடப் போறேன்."

"அவுங்களே தூக்கிட்டு அங்கயே இருந்துட்டா?"

"இருக்கட்டும்."

"ஈஸியா சொல்றீங்க. இந்தத் தெருவுல தூக்கறதப் பாத்து பாத்து நீங்கதான கண்டுபுடிச்சீங்க? கடலூர்ல அந்த வெலைக்கு இனிமே நமக்கு எவன் வீடு குடுப்பான்?" அவள் கோபம் என்மேலா, போகப்போகிற வீட்டின்மேலா என்று தெரியவில்லை. எனக்குமே வலித்தது. நல்லது செய்யப் போகிறோம் என்ற பெருமை ஒரு துளியும் வரவில்லை. பறித்து வைத்திருந்ததைத் திரும்பக் கொடுப்பதில் பெருமை எங்கே இருக்கிறது? கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நானும் வரேன். கல்லு வரைக்கும் நானும்தான செலக்ட் பண்ணேன்" என்றாள்.

மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். நாளை ஞாயிறு. காலைப் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு நாங்கள் மூவரும் அங்கே இருப்போம். மேஸ்திரியை வாசலிலேயே கொஞ்சம் நிற்கச் சொல்ல வேண்டும். முதலில் ஆடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அக்கா, மாமா இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது. அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லித் தப்பித்துவிடக் கூடாது. அப்புறம் ஜாக்கி. கார்த்திகையிலேயே தெரியும் என்பதையும் சேர்த்து. தூக்கிவிட்டு இருக்கிறோம் என்றால், மழைக்கு முன் வேலை முடிகிறவரை கூட நிற்பது. மழைச் சத்தமே வேண்டாம், விற்கத்தான் போகிறோம் என்றால், மாமா அன்று சொன்ன அதே விலை, அட்வான்ஸ் நாளைக்கே, பண்ருட்டியில் வேறு வீடு தேட என் பைக். போ வெளியே என்றால், போக வேண்டியதுதான்.

இப்படி வரிசையாக யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் மாமா கதவைத் திறந்து, "வா மச்சான்" என்று சொன்னதும் வாயில் என்ன வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் வேறு எதையாவது பேச ஆரம்பித்தால் அவள் என் காலை மிதிக்க வேண்டும்.

"நல்லாவே மிதிக்கறேன்" என்றாள்.